மங்கம்மாள் வீட்டில் மகாத்மா

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி)

கூடல் மாநகர் என்றும் கோயில் மாநகர் என்றும் தூங்கா நகர் என்றும் போற்றப்படும் நம் மதுரைக்கு வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் அவர்களை எங்கெல்லாம் அழைத்துச் செல்வோம்? முதலில் மீனாட்சியம்மன் கோயில். அடுத்துத் திருமலை நாயக்கர் மகால். நேரமிருந்தால் வண்டியூர்த் தெப்பக்குளம். பிறகு வைகைப் பாலத்தைக் கடந்து, கோரிப்பாளையம் தாண்டி, காந்தி மியூசியம். இந்த நான்கனுள் கடைசியாகச் சொன்ன இடத்தைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். அதைப் பற்றி எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு.

வெண்ணிற வளைவுகளோடு கம்பீரமாக நிற்கும் அந்தக் கட்டடத்திற்குள் நுழைவோர் முதலில் விடுதலைப் போராட்டப் படங்களைப் பார்க்கின்றனர். பின்னர் அண்ணலின் வாழ்க்கைப் படங்களைப் பார்க்கின்றனர். இறுதியில், 1948 ஜனவரி 30 அன்று அவர் சுடப்பட்டபோது உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணியின் முன் வந்து நிற்கின்றனர். அங்கே சிறு குழந்தைகள்கூடப் பேச்சை நிறுத்திவிடுகின்றனர். பிறகு வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டு, ஐஸ்கிரீம் வண்டியைத் தேடுகின்றனர். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இவ்வளவு நேரம் நாம் சுற்றி வந்தது யாருடைய வீடு என்ற கேள்வி எத்தனை பேருக்கு எழுகிறது? என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "காந்தி மியூசியம் காந்திக்காகக் கட்டியதுதானே?" என்றாள் ஒருத்தி. "வெள்ளைக்காரன் கட்டிய பங்களா" என்றாள் மற்றொருத்தி. முன்னூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஓர் அரண்மனை இப்படித் தன் பெயரை இழந்து நிற்கிறது.

அதன் உண்மைப் பெயர் தமுக்கம். 1670ஆம் ஆண்டளவில் நாயக்கர் காலத்தில் எழுந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தமுக்கம் என்ற சொல் தெலுங்கிலிருந்து வந்தது என்றும் கோடை மாளிகை என்று பொருள்படும் என்றும் கூறுவர். மதுரைச் சித்திரை வெயிலில் கோடை மாளிகையா என்று சிரிப்பு வரலாம்! ஆனால் அந்நாளில் நகரம் முழுவதும் கோட்டை மதிலுக்குள் அடங்கிக் கிடந்தது. அந்த நெருக்கத்தை விட்டு வெளியேறி ஆற்றின் வடகரைக்கு வந்தால், மரமும் திறந்த வெளியும் காற்றும் இருந்திருக்கும். மாளிகைக்கு முன் இருந்த வெளியில் யானைப் போர்களும் வீர விளையாட்டுகளும் நடந்தன என்றும், அரச குடும்பத்தார் மேலே அமர்ந்து அவற்றைக் கண்டு களித்தனர் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. வெள்ளையர் காலத்து மாவட்டக் குறிப்புகளிலும் இச்செய்தி உண்டு. ஆக, இன்று அகிம்சைக்கு நினைவுச் சின்னமாக விளங்கும் கட்டடம், விலங்கும் விலங்கும் மோதிக் குருதி சிந்துவதைப் பார்த்து மகிழும் இடமாகத் தொடங்கியது!

ராணி மங்கம்மாளின் மாளிகை என்றே அதனைச் சொல்வது மரபு. 1670இல் அரியணையில் இருந்தவர் அவருடைய கணவர் சொக்கநாத நாயக்கர். தலைநகரும் அதற்குள் மதுரையிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு மாறிவிட்டது. அப்படியிருந்தும் இந்த மாளிகையோடு மக்கள் மனத்தில் ஒட்டிக்கொண்டது சொக்கநாதரின் பெயரன்று, மங்கம்மாளின் பெயர்தான். ஏன் என்பதை அவர் வரலாறே சொல்லும்.

1682இல் கணவர் இறந்தார். ஒரே மகன் முத்துவீரப்பர் இளவயதில் அரசேற்று, 1689இல் பெரியம்மை கண்டு மாண்டார். மருமகள் ஓர் ஆண் மகவை ஈன்றுவிட்டு இறந்தாள். கணவனும் மகனும் மருமகளும் போய், கையில் ஒரு கைக்குழந்தை, சுற்றிலும் பகைவர். நம் வீட்டுப் பாட்டிமாருக்கு இப்படி ஒரு துன்பம் வந்தால் ஊரே கூடி அழும். மங்கம்மாள் அந்தப் பேரக்குழந்தை விசயரங்க சொக்கநாதனுக்கு முடிசூட்டி, அவன் பெயரால் ஏறத்தாழ 17 ஆண்டுகள் நாட்டை ஆண்டார். வடக்கே ஔரங்கசீப்பின் படை செஞ்சியை முற்றுகையிட்டுக் கொண்டிருந்தது. மேற்கே மைசூர், கிழக்கே தஞ்சை, தெற்கே திருவிதாங்கூர், அருகிலேயே இராமநாதபுரத்துச் சேதுபதி. மொகலாயருக்குத் திறை கொடுத்து நாட்டைக் காத்தார். திருவிதாங்கூர்மீதும் தஞ்சைமீதும் படை அனுப்பினார். சேதுபதியோடு நடந்த போரில் தம் தளபதி நரசப்பையாவை இழந்து தோற்றார். நமக்கெல்லாம் நன்கு தெரிந்த புனித அருளானந்தர் ஓரியூரில் உயிர்நீத்த 1693ஆம் ஆண்டு இவருடைய ஆட்சிக் காலத்துக்குள்தான் வருகிறது. அது நிகழ்ந்ததோ சேதுபதியின் மறவர் சீமையில். அந்த நாட்களைப் பற்றி இன்று வரலாற்றாசிரியர்கள் அறிவதில் பெரும்பகுதி, மதுரை மிஷனைச் சேர்ந்த சேசு சபைக் குருக்கள் எழுதி அனுப்பிய கடிதங்களால்தான் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் அறிந்திருப்பது நல்லது.

சாலைகள் அமைத்தார், இருமருங்கும் மரம் நட்டார், வழிப்போக்கருக்குச் சத்திரமும் கிணறும் தந்தார். தென் மாவட்டங்களில் இன்றும் மங்கம்மாள் சாலை என்ற பெயர் வழங்குகிறது. மதுரை இரயில் நிலையத்தின் எதிரே மங்கம்மாள் சத்திரம் இருப்பதை நாம் அனைவரும் அறிவோம். இந்து சமயத்தவராகிய அவர் பிற சமயத்தாரையும் மதித்தார். திருச்சியிலுள்ள நத்தர்வலி தர்காவுக்கும் கொடை வழங்கினார்.

இவ்வளவும் செய்த அரசியைப் பற்றி நாட்டில் மிகுதியாகப் பரவியிருக்கும் கதை எது தெரியுமா? ஒருநாள் அவர் மறதியாக இடது கையால் வெற்றிலையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாராம். அது பாவம் என்று சொல்லப்பட்டதாம். அந்தப் பாவம் தீரவே சாலையும் சத்திரமும் அமைத்தாராம்! இக்கதையை என் பாட்டி சொல்லக் கேட்ட நாளில் எனக்கு வயது எட்டு. அன்று சுவையாக இருந்தது. இன்று யோசித்தால் கோபம் வருகிறது. திருமலை நாயக்கர் மகால் கட்டியதற்குப் பாவ பரிகாரம் என்று யாரும் காரணம் சொல்லவில்லை. அசோகர் சாலையோரம் மரம் நட்டதை நல்லாட்சி என்று பாடப் புத்தகத்தில் படிக்கிறோம். ஒரு பெண் அதையே செய்தால் மட்டும், அவள் ஏதோ தவறு செய்திருக்க வேண்டும், அதற்குக் கழுவாய் தேடியிருக்க வேண்டும் என்று கதை கட்டுகிறார்கள். பாரம் ஏற்றிய வண்டி சேற்றில் புதையாமல் போக வேண்டும், வெயிலில் நடப்பவனுக்கு நிழல் வேண்டும், இரவில் தங்க ஒரு கூரை வேண்டும் என்று ஒரு பெண் தன் சொந்த அறிவினால் யோசித்திருக்கக் கூடாதா?

அவருடைய முடிவைப் பற்றிச் சொல்லப்படும் கதை இன்னும் கொடியது. வளர்ந்த பேரன் ஆட்சியைத் தன் கையில் எடுக்க விரும்பியபோது, அவனைச் சேர்ந்தவர்கள் மங்கம்மாளை அரண்மனையிலேயே சிறைவைத்து, கண்ணுக்குத் தெரியும்படி, ஆனால் கைக்கு எட்டாதபடி உணவை வைத்து, பட்டினியால் சாகடித்தனர் என்பது கர்ண பரம்பரைச் செய்தி. பழைய சென்ட்ரல் மார்க்கெட் இருந்த இடத்தில் அவருக்கு மற்றொரு அரண்மனை இருந்தது என்றும், அங்கேதான் இது நடந்தது என்றும் சொல்வர். கதை எப்படியாயினும், 1706ஆம் ஆண்டளவில் அவர் காலம் முடிந்தது. அதன்பின் முப்பதே ஆண்டுகளில், 1736இல், ராணி மீனாட்சியோடு நாயக்கர் அரசே முடிந்தது.

தமுக்கம் கைமாறிக் கைமாறிச் சென்றது. ஆர்க்காட்டு நவாபிடம் போயிற்று. 1801இல் கர்நாடகம் முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிக்குள் வந்தது. நாளடைவில் ராணியின் மாளிகை வெள்ளைக்கார கலெக்டரின் இல்லமாயிற்று. யானைப் போர் பார்த்த மேடையில் மேசையும் நாற்காலியும் வந்திருக்கும். வரி கட்ட இயலாத குடியானவன் அந்த வாசலைத் தூரத்திலிருந்தே பார்த்துக் கும்பிட்டுப் போயிருப்பான். இன்று உள்ளே 200க்கும் மேற்பட்ட படங்களில் நம் விடுதலைப் போர் காட்டப்பட்டிருக்கிறதே, அதில் கம்பெனிக்காரர்கள் கப்பலில் வந்து இறங்கிய கதையும் உண்டு. அந்தக் கம்பெனி வைத்த அதிகாரத்தின் வாரிசுகள் உண்டு உறங்கிய அறைகளிலேயே அந்தப் படங்கள் இருக்கின்றன. இதை யாராவது எடுத்துச் சொன்னால் படம் பார்க்கும் பிள்ளைகளுக்கு எவ்வளவு வியப்பாக இருக்கும்!

நாடு விடுதலை பெற்றபின், 1955இல் அரசாங்கம் இம்மாளிகையைக் காந்தி நினைவு நிதிக்கு வழங்கியது. 1959 ஏப்ரல் 15 அன்று பிரதமர் நேரு அவர்கள் அருங்காட்சியகத்தைத் திறந்து வைத்தார். டெல்லி, சபர்மதி, பாட்னா, பாரக்பூர் ஆகிய இடங்களிலும் இத்தகைய அருங்காட்சியகங்கள் உள்ளன. அண்ணல் பிறந்த குஜராத்துக்கும் மறைந்த டெல்லிக்கும் இருக்கும் உரிமை நம் மதுரைக்கு எப்படி வந்தது என்று கேட்கலாம். வந்தது முறைதான். 1921 செப்டம்பர் 22 அன்று மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த வீட்டில்தான் அவர் சட்டையையும் தலைப்பாகையையும் துறந்து அரையாடை உடுத்தினார். கதர் வாங்க எங்களிடம் காசு ஏது என்று இரயிலில் ஏழைகள் கேட்டது அவர் நெஞ்சைத் தைத்திருந்தது. உலகமே இன்று காந்தி என்றவுடன் மனக்கண்ணில் காணும் அந்த உருவம் நம் ஊரில் பிறந்தது! மேலும், ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைய முடியாத மீனாட்சியம்மன் கோயிலுக்குள் தாமும் நுழைவதில்லை என்று இருந்தவர் அவர். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் அம்மக்களை அழைத்துக்கொண்டு ஆலயப் பிரவேசம் செய்தார். அதன் பின்னரே, 1946இல், காந்தியடிகள் அக்கோயிலுக்குள் சென்றார். எனவே மதுரையில் அவருக்கு ஒரு வீடு இருப்பது எல்லா வகையிலும் பொருத்தம். அதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன்.

நான் கேட்பதெல்லாம், வீடு கொடுத்தவரையும் நினைக்க வேண்டாமா என்பதுதான். விருந்தாளி எவ்வளவு பெரியவராயினும், வீட்டுக்காரியின் பெயரை அழித்துவிடுவது தமிழ்ப் பண்பாகுமா?

இக்கட்டுரையை எழுதப் போகிறேன் என்று சொன்னபோது என் தோழி ஒருத்தி நன்றாகவே எதிர்வாதம் செய்தாள். மங்கம்மாள் போர் நடத்தியவர், யானைச் சண்டை பார்த்தவர், அரண்மனையில் வாழ்ந்தவர். அகிம்சா மூர்த்தியின் நினைவிடத்தில் அவரைப் பற்றிப் பேசுவது முரணில்லையா என்றாள். கேள்வி நியாயமானதுதான். மங்கம்மாளைப் புனிதவதி ஆக்கவும் நான் விரும்பவில்லை. ஆனால் அந்த முரண்பாட்டை மறைத்துவிட்டால் காந்தியடிகளின் பெருமைதான் குறையும் என்பது என் கருத்து. வெறும் சிமெண்டுக் கட்டடத்தில் அந்தத் துணியை வைத்திருந்தால் அது ஒரு துணி. அரசர்கள் குருதி விளையாட்டுக் கண்டு களித்த மாளிகையில், அந்நிய அதிகாரம் கொலுவீற்றிருந்த கூடத்தில் அது இருக்கும்போதுதான், நம் நாடு எங்கிருந்து எங்கே வந்து சேர்ந்தது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. அந்த வளாகத்திலேயே, சேவாகிராமத்தில் அண்ணல் வாழ்ந்த குடிலைப் போன்ற ஒரு குடிலும் அமைத்திருக்கிறார்கள். மாளிகையையும் குடிலையும் ஒரே மதிலுக்குள் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு வேறு எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும்? மாளிகை எது என்றே அறியாதவளுக்குக் குடிலின் பொருள் எப்படி விளங்கும்?

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. பெரியவர்கள் பிழையிருந்தால் பொறுத்தருள்க. மங்கம்மாள் பட்டினியால் மாண்டார் என்பது கதை. காந்தியடிகள் பட்டினி கிடந்தது வரலாறு. 1947 செப்டம்பரில் கல்கத்தாவிலும், 1948 ஜனவரியில் டெல்லியிலும், இந்துவும் முஸ்லிமும் ஒருவரையொருவர் வெட்டி மாய்வதை நிறுத்த அவர் உண்ணாதிருந்தார். ஒருவர் பசி பிறர் திணித்தது; மற்றவர் பசி தாமே மேற்கொண்டது. இரண்டையும் ஒன்றென நான் சொல்ல வரவில்லை. எனினும், அதிகாரத்துக்காகச் சொந்தப் பாட்டியைப் பசியில் வாட்டியதாகச் சொல்லப்படும் அரச வம்சத்தின் வீட்டில், பிறருக்காகத் தாமே பசியோடிருந்த ஒருவரின் படங்கள் தொங்குகின்றன. தவக்காலத்தில் ஒருசந்தி இருக்கும் நம் மாணவியர் இதைக் கொஞ்சம் சிந்தித்துப் பார்க்கலாம்.

கட்டடங்கள் பொருள் மாறுவது உலகெங்கும் உள்ளதே. கான்ஸ்டாண்டிநோபிளில் 537இல் எழுந்த ஹகியா சோபியா தேவாலயம் 1453இல் பள்ளிவாசலாயிற்று, 1930களில் அருங்காட்சியகமாயிற்று, 2020இல் மீண்டும் பள்ளிவாசலாயிற்று. டெல்லியில் வைசிராய்க்காக எழுப்பிய மாளிகையில் இன்று நம் குடியரசுத் தலைவர் வாழ்கிறார். நம் ஊர் மகாலிலேயே 1970 வரை நீதிமன்றம் நடந்தது! ஆனால் மகாலைப் பாருங்கள்: கோர்ட்டு வந்தாலும் போனாலும் திருமலை நாயக்கரின் பெயர் அதைவிட்டுப் போகவில்லை. அங்கு ஒலி-ஒளிக் காட்சி அமைத்து அவர் கதையைச் சொன்னார்கள். நகர் நடுவே அவருக்குச் சிலையும் உண்டு. தமுக்கமோ எல்லார் வாயிலும் காந்தி மியூசியம் ஆகிவிட்டது.

தமுக்கம் என்ற பெயர் அடியோடு மறைந்துவிடவில்லை. மாளிகையை விட்டு வெளியேறி, எதிரிலிருக்கும் மைதானத்தில் குடியேறிவிட்டது. ஆட்டோ ஓட்டுநரிடம் தமுக்கம் போக வேண்டும் என்று சொல்லிப் பாருங்கள்; சித்திரைப் பொருட்காட்சி நடக்கும் மைதானத்தில்தான் கொண்டுபோய் இறக்கிவிடுவார். மங்கம்மாள் அரண்மனை என்று சொன்னாலோ, இரயில் நிலையத்துச் சத்திரத்தின் வாசலில் நிறுத்திவிடுவார்! 1981இல் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு மதுரையில் நடந்தபோது தமுக்கத்தில் தமிழன்னை சிலை எழுந்தது. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் கைக்குழந்தையோடு தாய்மாரும் இரவு பகலாக உட்கார்ந்திருந்ததும் தமுக்கத்தில்தான். விலங்கு விளையாட்டுக்கென அமைந்த வெளியில், மூன்று நூற்றாண்டுகள் கழித்து, காளைகளின் பெயரால் மக்கள் கூடினார்கள். அன்று அரச குடும்பம் மேலே அமர்ந்து பார்த்தது. இம்முறை மேலே அமர யாருமில்லை. மக்கள் எல்லாரும் தரையில் அமர்ந்தார்கள். மங்கம்மாள் பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பாரோ!

ஆகவே என் விண்ணப்பம் சிறியது. நம் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் சிறிய வகுப்புப் பிள்ளைகளைக் காந்தி மியூசியத்துக்கு அழைத்துச் செல்கிறோம். அடுத்த ஆண்டு பேருந்தை முதலில் இரயில் நிலையத்தின் எதிரே சிறிது நேரம் நிறுத்தி, மங்கம்மாள் சத்திரத்தைக் காட்டலாம். பிறகு பாலத்தைக் கடந்து தமுக்கத்துக்குப் போய், உள்ளே நுழையுமுன் படிகளில் பிள்ளைகளை உட்கார வைத்து, இங்கே யார் வாழ்ந்தார், அவர் என்ன செய்தார், யாரிடமிருந்து யாரிடம் இந்த வீடு போயிற்று என்று ஒரு கால்மணி நேரம் சொல்லலாம். ஆசிரியைகளுக்குச் சுமை என்றால் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவியரே அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொள்வோம். நாங்கள் நான்கு பேர் இப்போதே பெயர் கொடுத்திருக்கிறோம். பெற்றோர்களும் அடுத்த முறை உறவினரை அங்கே அழைத்துச் செல்லும்போது, தமுக்கம், ராணி மங்கம்மாளின் மாளிகை என்று ஒருமுறை சொல்லிவிட்டுக் காந்தி மியூசியம் என்று சொல்லுங்கள். வெற்றிலைக் கதையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.